ஐந்நூறு மீட்டர்: வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆதம்பாக்கத்தில் உள்வட்டச் சாலைப் பக்கம் முன்பு போய்வந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. வேளச்சேரியிலிருந்து தூண் தூணாக வரும் பறக்கும் ரயில் (தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) பாலம் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடும். கடைசித் தூணின் தலையில் கம்பிகள் துருவேறி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம் வீடுகள், கடைகள், தெருக்கள். அதைத் தாண்டினால் மறுபடியும் பாலம் தொடங்கிப் பரங்கிமலை நிலையத்தை நோக்கிப் போகும். நடுவில் விட்டுப்போனது சுமார் 500 மீட்டர். நடந்தால் ஆறேழு நிமிடம்.

அந்த ஆறேழு நிமிடத் தூரத்துக்காகச் சென்னை பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. மொத்த நீட்டிப்பே 5 கிலோமீட்டர்தான். அதில் நாலரை கிலோமீட்டர் பாலம் எப்போதோ எழும்பிவிட்டது. தூண்கள் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தன. ஒரு ரயில்கூட ஓடவில்லை. இப்போது நகரம் 118.9 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கும், கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராமுக்கும், பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கும் நீட்டிக்கத் திட்டம் போட்டிருக்கிறது. இந்த நேரத்தில் அந்த 500 மீட்டரைத் திரும்பிப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். 2007 முதல் 2025 வரை நடந்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

கால்வாய் மேல் போன ரயில்

பறக்கும் ரயிலுக்கான யோசனை எழுபதுகளில் வந்தது, எண்பதுகளில் ஒப்புதல் கிடைத்தது. 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை முதல் ரயில் ஓடியது. 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007 நவம்பரில் வேளச்சேரி. பன்னிரண்டு ஆண்டில் 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இந்தப் பாதை எந்த வழியாகப் போகிறது என்று வரைபடத்தில் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். சேப்பாக்கம் தொடங்கித் திருவான்மியூர் வரை பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக்கொண்டே போகிறது. தூண்கள் கால்வாய்க்குள்ளேயும் கரையிலும் நிற்கின்றன. காரணம் எளிது: கால்வாய் அரசு நிலம். யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டாம், யாருக்கும் இழப்பீடு பேச வேண்டாம், நீதிமன்றப் படி ஏற வேண்டாம். தரமணியில் மேற்கே திரும்பி வேளச்சேரி போகும்போதும் அன்றைக்கு நெருக்கமான குடியிருப்புகள் இல்லாத, சதுப்பு நிலத்தை ஒட்டிய வெளிதான் அதிகம்.

நிலம் சுலபமாகக் கிடைத்ததற்கு வேறு இடத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கால்வாயின் நீரோட்டம் குறுகியது. மழைநீர் வடிய வேண்டிய வாய்க்கால் அது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அப்போதே எதிர்த்தார்கள். இரண்டாவது, நிலையங்கள் ஊரின் முதுகுப் பக்கம் அமைந்தன. மயிலாப்பூரின் கடைத்தெருவுக்குப் போகிறவரும் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலைக்குப் போகிறவரும் நிலையத்தில் இறங்கிச் சந்து பொந்தெல்லாம் கடந்துதான் போக வேண்டும். பேருந்து நிறுத்தம் இன்னொரு மூலையில் இருக்கும். நிலையக் கட்டடங்களோ பெரிது பெரிதாக, பாதி வெளிச்சத்தில், ஆளரவமில்லாமல் கிடந்தன. வணிக வளாகம் வரும் என்று கட்டிய தளங்கள் காலியாகவே இருந்தன. ஒன்பது பெட்டி ரயில் நிற்கும் நடைமேடையில் ஓரமாகப் பத்துப் பேர் நிற்பதைப் பார்க்கும்போது, இவ்வளவு பெரிய வசதியை இப்படி வீணடிக்கிறோமே என்று மனசு கஷ்டப்படும்.

இத்தனைக்கும் கட்டணம் மிகக் குறைவு. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், தரமணியில் படிக்கும் பிள்ளைகள், பாரிமுனையில் சரக்கெடுத்து வரும் சின்னக் கடைக்காரர்கள், ஐ.டி. கம்பெனிகளின் காவலாளிகள் என்று இந்த ரயிலை நம்பியிருப்பவர்கள் எல்லாம் வேறு எதற்கும் அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள். அதனால்தான் இந்தப் பாதையின் குறைகளை வெறும் திட்டக் குறைகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

வேளச்சேரியில் முடிந்தால் என்ன குறை?

சென்னையின் பெருங்கூட்டம் போவது கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு புறநகர் வழியில். பறக்கும் ரயில் அதே கடற்கரை நிலையத்தில் பிறந்து, கிழக்காகப் போய், தெற்கே வேளச்சேரியில் முட்டி நிற்கிறது. குரோம்பேட்டையில் இருப்பவர் தரமணி போக வேண்டுமென்றால் இந்த ரயில் அவருக்கு எந்த உதவியும் செய்யாது. பரங்கிமலையிலோ கிண்டியிலோ இறங்கி, பேருந்துக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காத்திருந்து, விஜயநகர் சந்திப்பின் நெரிசலில் சிக்கிப் போக வேண்டும். அல்லது வண்டி எடுக்க வேண்டும். எடுத்தார்கள். தென்சென்னையின் சாலைகள் இன்று இப்படி இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் நீட்டினால் நிலைமை தலைகீழ். முட்டி நின்ற பாதை வளையமாகிவிடும். கடற்கரையில் கிளம்பி மயிலாப்பூர், அடையாறு, தரமணி, வேளச்சேரி சுற்றிப் பரங்கிமலையில் மறுபடி புறநகர் ரயிலைத் தொடலாம். அங்கேயே மெட்ரோவும் இருக்கிறது. 2016 அக்டோபரிலிருந்து ஓடுகிறது. பரங்கிமலை நிலையத்தின் அமைப்பைப் பார்த்தாலே இது தெரியும்: தரையில் புறநகர் ரயில், அதற்கு மேல்தளத்தில் பறக்கும் ரயிலுக்கான இடம், அதற்கும் மேலே மெட்ரோ. மேலே மெட்ரோ வந்து போய்க்கொண்டிருந்தது, கீழே மின்சார ரயில் வந்து போய்க்கொண்டிருந்தது, நடுத்தளம் மட்டும் ஆண்டுக்கணக்கில் ரயிலுக்காகக் காத்துக் கிடந்தது.

ஆகவே இந்த 5 கிலோமீட்டரின் மதிப்பை அதன் நீளத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. ஏற்கெனவே போட்ட 19 கிலோமீட்டருக்கும் இதுதான் உயிர் கொடுக்க வேண்டியது.

ஆதம்பாக்கத்தில் நடந்தது

நீட்டிப்புக்கு ஒப்புதல் வந்தபோது மதிப்பீடு சுமார் 495 கோடி ரூபாய். செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசு, ஒரு பங்கு ரயில்வே. 2008-ல் வேலை தொடங்கியது. இரண்டு மூன்று ஆண்டில் முடித்துவிடலாம் என்ற எண்ணம். புழுதிவாக்கம், ஆதம்பாக்கம், பரங்கிமலை என்று மூன்று நிலையங்கள்.

கால்வாயும் சதுப்பும் இங்கே துணைக்கு வரவில்லை. முதல்முறையாகப் பறக்கும் ரயில் மக்கள் குடியிருக்கும் பகுதிக்குள் நுழைய வேண்டியிருந்தது. ஆதம்பாக்கத்தில் பாதையின் நேர் வழியில் தனியார் மனைகளும் வீடுகளும் இருந்தன. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டது இரண்டில் ஒன்று: பாதையைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இன்றைய சந்தை விலைக்கு இழப்பீடு கொடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "சில பேரால் ஊருக்கே ரயில் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பலரும் அப்படித்தான் சொன்னார்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆதம்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை வாங்கி, கடன் போட்டு, தளம் தளமாக வீடு எழுப்பியவருக்கு அந்த வீடு ஆயுட்கால உழைப்பு. மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பார். அந்த வாடகைதான் ஓய்வுக்காலச் சோறு. அரசு கணக்கிடும் இழப்பீட்டுக்கு வழிகாட்டி மதிப்பும் பதிவான பத்திரங்களின் விலையும்தான் அடிப்படை. பத்திரத்தில் எழுதும் அந்த மதிப்புக்கும் சந்தையில் கைமாறும் விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்பது சென்னையில் மனை வாங்கிய எவருக்கும் தெரியும். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அதே தெருவில் இன்னொரு வீடு வாங்க முடியாது. தாம்பரத்துக்கு அப்பாலும் கிடைக்குமா என்பது சந்தேகம். அவர் வழக்குப் போடாமல் வேறென்ன செய்வார்?

இழுத்தடித்ததில் சட்டமே மாறிப்போனது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலத்தை எடுத்தால், மதிப்புக்கு மேல் ஆறுதல் தொகையாக 30 விழுக்காடு. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நில எடுப்புச் சட்டத்தில் அதே ஆறுதல் தொகை 100 விழுக்காடு. பழைய சட்டத்தில் நடவடிக்கை தொடங்கியிருந்தாலும், அந்தத் தேதிக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாணை பிறப்பிக்காத இனங்களில் புதிய கணக்குப்படிதான் கொடுக்க வேண்டும். 2008-ல், முதல் தூணுக்குக் குழி தோண்டும் முன்பே, உட்கார்ந்து பேசி ஒரு நியாயமான தொகையைக் கொடுத்திருந்தால் அரசுக்கு எவ்வளவோ மிச்சம். அன்றைக்கு மிச்சப்படுத்த நினைத்தது பிறகு பல மடங்காக வந்து நின்றது. உரிமையாளர்களுக்கும் நிம்மதி இல்லை. நிலத்தை விற்கவும் முடியாது, புதுக் கட்டடம் கட்டவும் முடியாது, எப்போது யார் வந்து அளப்பார்கள் என்றும் தெரியாது.

பெரிய பிழை எது என்று என்னைக் கேட்டால் வேலையின் வரிசையைச் சொல்வேன். நிலம் கைக்கு வந்த இடத்தில் எல்லாம் தூண் எழுப்பினார்கள். வராத இடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். சாலை போடும்போது இது ஓரளவு செல்லும். பாதிச் சாலையிலும் வண்டி ஓடும். ரயிலுக்குச் செல்லாது. முழுப் பாதையும் இணையும்வரை போட்ட பணம் அத்தனையும் முடங்கிக் கிடக்கும். 90 விழுக்காடு வேலை முடிந்தது என்று அறிக்கையில் எழுதலாம். பயணிக்கு அது பூஜ்யம்தான்.

மீண்டும் தொடங்கிய வேலை, சரிந்த கர்டர்

வழக்குகள் தீர்ந்து 2022-ல் வேலை மறுபடி தொடங்கியது. அதற்குள் மதிப்பீடு 734 கோடியாகியிருந்தது. பதினைந்து ஆண்டுக்கு முந்தைய தூண்களோடு புதுத் தூண்களை இணைக்க வேண்டும். கீழே சாலையோ 2008-ல் இருந்ததுபோல் இல்லை. இரவு பத்து மணிக்கும் வண்டி ஓய்வதில்லை. நீளமான கர்டர்களை, அதாவது தூண்களுக்கு மேல் பாலத்தைத் தாங்கும் உத்தரங்களை, தூக்கி வைக்கப் போக்குவரத்தை நிறுத்திவைக்க வேண்டும், அதற்குக் கிடைப்பது நள்ளிரவில் சில மணி நேரம்.

2024 ஜனவரியில் ஓர் இரவு, தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதை அருகே பொருத்திக்கொண்டிருந்த பாலப் பகுதி சரிந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் சுரங்கப்பாதைப் பக்கம் காலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை இருசக்கர வண்டிகள் போகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் செய்தி வயிற்றைப் பிசைந்திருக்கும். விபத்தால் வேலை இன்னும் தள்ளிப்போனது. பிறகு அந்த இடத்தையும் முடித்து, 2025-ல் தண்டவாளமும் மின்கம்பியுமாக வேலை நகர்ந்தது.

மறுமுனையில் 14 மாதம்

வேளச்சேரி முனையில் இணைப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தபோதே, கடற்கரை முனையில் இருந்த இணைப்பும் போனது. எழும்பூர் – கடற்கரை இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று சொன்ன வேலை பதினான்கு மாதம் நீண்டு, 2024 அக்டோபர் 29-ல்தான் கடற்கரைக்கு மறுபடி ரயில் வந்தது.

நான்காவது பாதை தேவையானதுதான். 4.3 கிலோமீட்டருக்கு மூன்று பாதைகள் மட்டும் இருந்ததால் வெளியூர் ரயில்களும் புறநகர் ரயில்களும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்தப் பதினான்கு மாதம் ஒரு கட்டாயச் சோதனையாகவும் அமைந்தது. பூங்கா நகர் நிலையம் இருப்பது சென்ட்ரலுக்கு எதிரில். அந்த ஒரு நிலையமும், கோட்டையும், கடற்கரையும் கைவிட்டுப் போனதும் பறக்கும் ரயிலில் கூட்டம் சடசடவென்று குறைந்தது. வேளச்சேரியிலிருந்து சென்ட்ரல் போகிறவர் சிந்தாதிரிப்பேட்டையில் மூட்டையோடு இறங்கிப் பேருந்தைத் தேட வேண்டும். அதற்கு வீட்டு வாசலிலேயே பேருந்தோ ஆட்டோவோ பிடித்துவிடலாமே என்று போய்விட்டார்கள். மூன்று நிலையங்கள் அறுபட்டதில் மீதிப் பாதையின் பயணிகளும் கலைந்தார்கள். ஆதம்பாக்கத்து இடைவெளி இத்தனை ஆண்டு எத்தனை பேரை வரவிடாமல் செய்திருக்கும் என்று இதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரே நகரம், இரண்டு வீட்டுக்காரர்கள்

பறக்கும் ரயிலை ஓட்டுவது தெற்கு ரயில்வே. மெட்ரோவை ஓட்டுவது சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். அதில் மத்திய அரசும் மாநில அரசும் சமபங்கு. டிக்கெட் வேறு, நேர அட்டவணை வேறு, பராமரிப்பு வேறு. பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பத்தாண்டுக்கு மேல் நடந்து, 2025-ல்தான் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது.

கை மாறினாலும் ஒன்று மாறாது. பறக்கும் ரயில் ஓடுவது அகலப் பாதையில், 1676 மில்லிமீட்டர். மெட்ரோவுக்கு 1435 மில்லிமீட்டர். மெட்ரோ ரயிலை அப்படியே பறக்கும் ரயில் தண்டவாளத்தில் ஓட்ட முடியாது. எந்தக் காலத்திலும் பயணி இறங்கி, நடந்து, ஏறித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் அந்த நடை எப்படி இருக்கப்போகிறது என்பதே முக்கியம். லிஃப்ட் வேலை செய்கிறதா? இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியாக அந்த வழியில் வருவாளா? பெட்டியோடு வரும் பெரியவர் படிக்கட்டில் திணறாமல் போக முடியுமா? ரயில் பெட்டிக்குக் குளிரூட்டுவது, நடைமேடையைப் புதுப்பிப்பது எல்லாம் நல்லதுதான். கட்டணத்தில் மட்டும் கவனம் வேண்டும். 5 ரூபாய் கொடுத்துப் போய்க்கொண்டிருந்தவரை மெட்ரோ கட்டணத்துக்குத் தள்ளினால் அவர் ரயிலை விட்டுவிடுவார். புதுப்பித்த நிலையம் யாருக்காக என்ற கேள்வி அப்புறம் வரும்.

டிக்கெட் விஷயத்தில் ஒரு நல்ல அடி எடுத்துவைத்திருக்கிறார்கள். ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே வந்தும் பல ஆண்டு தூங்கியது. 2022-ல் குழுமம் உயிர்பெற்றது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். வளையம் முழுமையாகும்போது இதன் அருமை தெரியும்.

வரப்போகும் பாதைகளுக்கு

மெட்ரோ இரண்டாம் கட்டம் 63,246 கோடி ரூபாய் திட்டம். மூன்று வழித்தடங்கள்: மாதவரம் – சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர். 2020 நவம்பரில் அடிக்கல். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில். அதுவரை கடன் வாங்கியும் சொந்த நிதியிலும் மாநிலம் வேலையை நிறுத்தாமல் நடத்தியது. முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் நான்கு ஆண்டு வீணாகியிருக்கும்; இந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

இதில் திருமயிலை நிலையத்தைத்தான் நான் உன்னிப்பாகக் கவனிக்கிறேன். இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் பூமிக்கடியில் அங்கே சந்திக்கின்றன. மேலே பறக்கும் ரயில். ஒன்று ஆழத்தில், இன்னொன்று உயரத்தில். நடுவே உள்ள நடைவழியை இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து கட்ட வேண்டும். பறக்கும் ரயிலின் கால்வாய்க்கரை வாசலும் மெட்ரோவின் வாசலும் தனித்தனியாகத் தெருவில் திறந்தால், பக்கத்திலேயே கட்டியும் பிரித்து வைத்ததாகிவிடும்.

கிளாம்பாக்கம் இன்னொரு எச்சரிக்கை. 2023 டிசம்பர் 30-ல் பேருந்து முனையம் திறந்தார்கள். ரயில் நிலையம் அப்போது இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஆனால் ரயில் நிற்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போக இரண்டு பிள்ளைகளும் மூன்று பைகளுமாக வந்தவர்கள், முனையத்துக்கு வந்து சேர்வதற்கே பாதி நாளைச் செலவழித்தார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ நீட்டிப்பு 15.46 கிலோமீட்டர், மதிப்பீடு 9,335 கோடி. முனையத்தைக் கட்டும்போதே ரயில் நிலையத்தையும் நடைமேம்பாலத்தையும் கட்டியிருக்க வேண்டும். ஆதம்பாக்கத்தில் பார்த்த அதே வரிசைப் பிழைதான் இது: சுலபமானது முதலில், இணைப்பு கடைசியில்.

பட்டாபிராம் நீட்டிப்புக்கும் பரந்தூர் நீட்டிப்புக்கும் தூண் எழும்பும் முன் நான் பார்க்க விரும்புவது ஒரு பட்டியல்: பாதையில் உள்ள ஒவ்வொரு தனியார் மனையும், அதற்கு என்ன தொகை பேசியிருக்கிறார்கள், எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள், எத்தனை பேர் ஒப்புக்கொள்ளவில்லை, ஏன். அந்தப் பட்டியலை ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே வெளியிட வேண்டும். வீட்டை இழப்பவருக்குப் பக்கத்திலேயே மாற்று வீடு தர முடியுமா என்று வீட்டு வசதி வாரியத்தையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

பரங்கிமலையில் ஒன்றைச் செய்து பார்க்கலாம். வேளச்சேரி ரயிலிலிருந்து நடுத்தளத்தில் இறங்கும் பயணி, தெருவுக்கு வராமல், மறுபடி வரிசையில் நிற்காமல், கீழே தாம்பரம் வண்டியையும் மேலே மெட்ரோவையும் எத்தனை நிமிடத்தில் பிடிக்கிறார் என்று காலை எட்டரை மணிக்கும் இரவு ஒன்பதரை மணிக்கும் கடிகாரம் வைத்து அளக்கலாம். கையில் ஒரு குழந்தையோடும் அளக்கலாம். சக்கர நாற்காலியிலும் அளக்கலாம். அந்த நிமிடங்களை நிலையத்தின் வாசலிலேயே எழுதி ஒட்ட வேண்டும்.